எலிக்கு வந்த நோயும் நமக்கு வந்த நோயும்: வாசகர் கேள்வி பதில்

மூளை நோய்களைப் பற்றி ஆராய விலங்குகளைப் பயன்படுத்துவது குறித்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். மொரீஷியஸிலிருந்தும் ரியூனியனிலிருந்தும் எழுதியவர்களுக்கு நன்றி. ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம். பதில்களில் சுண்டெலி என்றால் 25 கிராம் எடையுள்ள சின்ன எலி; வெறுமனே எலி என்றால் 300 கிராம் வரும் பெரிய எலி. ஆய்வகத்தில் இரண்டும் வெவ்வேறு விலங்குகள். ஒன்றில் நடப்பது மற்றதில் நடக்காமல் போகும்.

கேள்வி: அப்பாவுக்கு ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரையில்தான் நாள் ஓடுகிறது. "எலிகளில் பார்க்கின்சன் தடுக்கப்பட்டது" என்று செய்தி வரும்போதெல்லாம் ஆசையாக இருக்கிறது. பிறகு மருந்து எதுவும் வருவதில்லை. எலிக்கு ஏது பார்க்கின்சன்? (வாசகி, வாக்வா)

பதில்: எலிக்கும் சுண்டெலிக்கும் பார்க்கின்சன் தானாக வருவதில்லை. அதன் ஒரு பகுதியை நாம் உண்டாக்குகிறோம். எந்தப் பகுதியை, எப்படி உண்டாக்கினார்கள் என்பதைப் பார்த்தால்தான் செய்தியின் மதிப்பு தெரியும்.

1982-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சிலர் திடீரென்று உடல் விறைத்து, பேசவும் அசையவும் முடியாமல் மருத்துவமனைக்கு வந்தார்கள். முதுமையில் வரும் நோய், முதுமை எட்டாதவர்களுக்கு ஒரே வாரத்தில் வந்ததுபோல் இருந்தது. எல்லோரும் கள்ளத்தனமாகச் செய்த செயற்கை ஹெராயினை ஊசியாகப் போட்டுக்கொண்டவர்கள். அதில் எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததை வில்லியம் லாங்ஸ்டனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் கண்டறிந்து 1983-இல் வெளியிட்டார்கள். அந்தப் பொருளைச் சுண்டெலிக்கும் குரங்குக்கும் கொடுத்தபோது, அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமின் நரம்பணுக்கள் அவற்றிலும் செத்தன. பெரிய எலி மட்டும் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது.

எம்.பி.டி.பி. நேரடியாகக் கொல்வதில்லை. மூளையின் துணை அணுக்களில் உள்ள மாவோ-பி என்ற நொதி அதை எம்.பி.பி. என்ற நச்சாக மாற்றுகிறது. அந்த நச்சு, டோபமினை உள்ளிழுக்கும் வாயில் வழியாக நரம்பணுவுக்குள் புகுந்து, ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பின் முதல் படியை அடைக்கிறது. ஆற்றல் இல்லாமல் அணு சாகிறது. சுண்டெலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. வீதம் ஐந்து நாள் தருவது ஒரு முறை. 20 மி.கி. வீதம் இரண்டு மணிக்கு ஒரு தடவையாக ஒரே நாளில் நான்கு ஊசி போடுவது இன்னொரு முறை.

செய்திகள் தடுமாறும் இடம் இதுதான். புதிய மருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு எம்.பி.டி.பி. போட்டார்கள், அணுக்கள் பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். அந்த மருந்து அணுவைக் காத்ததா, அல்லது மாவோ-பி நொதியைத் தடுத்து நச்சே உருவாகாமல் செய்ததா? இரண்டாவது நடந்திருந்தால், நஞ்சுப் புட்டியைத் திறக்கவே விடாமல் வைத்துக்கொண்டு நஞ்சுமுறிவு கண்டேன் என்று சொல்வது போலாகிவிடும். உங்கள் அப்பாவின் உடலில் அந்தப் புட்டியே இல்லை. நல்ல ஆய்வாளர்கள் மூளையில் எம்.பி.பி. எவ்வளவு சேர்ந்தது என்பதை அளந்து காட்டுவார்கள். கட்டுரையில் அந்த அளவு இல்லையென்றால் முடிவை நம்ப வேண்டாம். மருந்தை நச்சுக்கு முன்பே கொடுத்தார்களா, பின்பா என்பதையும் பாருங்கள். நோயாளி மருத்துவரிடம் வரும்போது அணுக்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும்.

இன்னொரு குறை, நேரம். மனிதரில் பல ஆண்டுகள் ஊறி வரும் நோய் சுண்டெலியில் ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது. மனித மூளையில் காணும் லூயி உருண்டைகள் என்ற புரதத் திரட்சி இதில் முறையாக வருவதில்லை. அதனால் "நோயின் ஓட்டத்தை நிறுத்துவேன்" என்று சொல்லும் மருந்துக்கு இந்த மாதிரி பலவீனமான சாட்சி.

ஆனால் "டோபமின் குறைந்த மூளையை எப்படி இயங்க வைப்பது" என்ற கேள்விக்கு விலங்குகள் உண்மையைத்தான் சொன்னன. 1957-இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், மூளையின் டோபமினைக் காலியாக்கும் ரெசெர்பின் மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு, மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா கொடுத்து எழுந்து நடக்க வைத்தார். அப்பா சாப்பிடும் மாத்திரையின் தொடக்கம் அது. 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1990-இல் எம்.பி.டி.பி. கொடுத்த குரங்குகளில் சப்தலாமிக் கரு என்ற சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தபோது விறைப்பு தளர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சின் கிரனோபிள் நகரில் அலீம் லூயி பெனாபிட் குழுவினர் அதே இடத்தில் மின்முனை வைத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தரத் தொடங்கினார்கள்.

எந்தச் செய்தியைப் படித்தாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும் காய்ச்சலும் விறைப்பும் வரலாம்.

கேள்வி: ரெதுயி பல்கலைக்கழகத்தில் உயிரியல் முடித்து பிரான்சுக்கு மேற்படிப்புக்குப் போகிறேன். எலிக்கு ஒரு பக்கப் பார்க்கின்சன் மாதிரி செய்யும் ஆய்வகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்? (மாணவர், பெல் ரோஸ்)

பதில்: தம்பி, முதலில் அனுமதி. ஐரோப்பிய விதிப்படி பயிற்சிச் சான்றும், நெறிக்குழு பார்த்து அனுமதித்த திட்டமும் இல்லாமல் விலங்கைத் தொடக்கூடாது. அங்கே சொல்லித்தருவதோடு சேர்த்துப் படிக்க, வழக்கமாகப் பிழை நேரும் இடங்களை மட்டும் சொல்கிறோம்.

நீங்கள் செய்யப்போவது, டோபமின் அணுக்களைக் கொல்லும் 6-ஹைட்ராக்ஸிடோபமின் என்ற நச்சை மூளையின் ஒரு பக்கத்தில் செலுத்துவது. 1968-இல் சுவீடனின் உங்கர்ஸ்டெட் தொடங்கிய முறை. இரத்தத்தில் போட்டால் இது மூளைக்குள் நுழையாது. அதனால்தான் மண்டையில் துளையிட வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் செய்தால் விலங்கு தின்னாமல் குடிக்காமல் செத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் என்றால் பிழைத்து நன்றாக இருக்கும், அதன் மறுபக்க மூளையே ஒப்பீடாகவும் உதவும்.

கரைசலில்தான் முதல் பிழை. இந்த வேதிப்பொருள் காற்றிலும் வெளிச்சத்திலும் கெட்டுவிடும். 0.9 சதவீத உப்புநீரில் 0.02 சதவீத அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து, அன்றன்று கரைத்து, அலுமினியத் தாள் சுற்றி பனிக்கட்டியில் வையுங்கள். இளஞ்சிவப்போ பழுப்போ ஏறிவிட்டால் கொட்டிவிட வேண்டும். "கொஞ்சம்தானே நிறம் மாறியிருக்கிறது" என்று பயன்படுத்தினால் அரைகுறைச் சேதம்தான் வரும், அந்த எலியின் வலி வீணாகும். அடுத்தது கணக்கு. புட்டியில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோபுரோமைடு உப்பு. அதன் மூலக்கூறு எடை சுமார் 250, உப்பில்லாத பொருளின் எடை சுமார் 169. கட்டுரை 8 மைக்ரோகிராம் என்று உப்பில்லாத எடையைச் சொல்லியிருந்தால் நீங்கள் நிறுக்க வேண்டியது 11.8 மைக்ரோகிராம். இதைக் கவனிக்காதவர் மூன்றில் ஒரு பங்கு குறைவாகக் கொடுத்துவிட்டு, மாதிரி சரியாக வரவில்லை என்று மாதக்கணக்கில் தேடுவார்.

இந்த நச்சு நார்அட்ரினலின் அணுக்களையும் அழிக்கும். அவற்றைக் காக்க அறுவைக்கு 30 நிமிடம் முன் டெசிப்ரமின் கிலோவுக்கு 25 மி.கி. வயிற்றறையில் போடுவது வழக்கம்.

மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன்: தொடக்கத்தில் 4 முதல் 5 சதவீதம், பிறகு 2 சதவீதத்தை ஒட்டி. மயங்கிய எலியின் உடல் வேகமாகக் குளிரும். 37 டிகிரியில் வெப்பத்தட்டு வேண்டும். கண்ணுக்குக் களிம்பு போடுங்கள். வலிநீக்கியைக் கத்தி வைப்பதற்கு முன்பே கொடுங்கள். எழுந்தபின் கொடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; வலியில் எழுந்த எலி தின்னாது, எடை இழக்கும், உங்கள் அளவீடுகளையும் கெடுக்கும்.

தலையை அசையாமல் பிடிக்கும் ஸ்டீரியோடாக்சிக் சட்டகத்தில் காதுக் கம்பிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்ட வேண்டும். மண்டையில் எலும்புகள் சேரும் பிரெக்மா என்ற புள்ளியிலிருந்து அளப்பீர்கள். டோபமின் நரம்பிழைகள் செல்லும் நடு முன்மூளைக் கற்றைக்குப் பலரும் பயன்படுத்தும் அளவு: பின்னோக்கி 4.4 மி.மீ., பக்கவாட்டில் 1.2 மி.மீ., மூளையுறையிலிருந்து ஆழம் 7.8 மி.மீ., மேல்பற்களைத் தாங்கும் பல் கம்பி மைனஸ் 2.4 மி.மீ. கடைசி எண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல் கம்பியை வேறு உயரத்தில் வைத்துக்கொண்டு அதே மூன்று எண்களைப் போட்டால் ஊசி முனை வேறிடத்தில் நிற்கும். அளவுகள் எலியின் வகைக்கும் எடைக்கும் ஏற்பவும் நகரும். அதனால் வேறு காரணத்துக்காக உயிர்நீத்த, அதே எடையுள்ள எலியில் ஒரு மைக்ரோலிட்டர் சாயம் செலுத்தி, மூளையை வெட்டிப் பார்த்த பிறகே உயிருள்ள விலங்கிடம் போங்கள். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டருக்கு மேல் தள்ளாதீர்கள். முடிந்ததும் ஊசியை ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மெதுவாக எடுங்கள். அவசரப்பட்டு இழுத்தால் திரவம் ஊசித்தடத்திலேயே மேலே வந்துவிடும்.

முதல் வாரம் தினமும் எடை பாருங்கள், ஈரமான மென்தீனியைக் கூண்டின் தரையிலேயே வையுங்கள். எந்த அளவு எடை இழந்தால் கருணையோடு முடிப்பது என்பதை அறுவைக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இரண்டு மூன்று வாரம் கழித்துச் சுழற்சிச் சோதனை. ஆம்ஃபெட்டமின் நல்ல பக்கத்தில் டோபமினை வெளியேற்றும். எலி சேதமான பக்கம் நோக்கிச் சுற்றும். டோபமின் ஏற்பிகளை நேரடியாகத் தூண்டும் அபோமார்ஃபினைக் குறைந்த அளவில் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். டோபமின் இல்லாமல் காய்ந்த பக்கத்தின் ஏற்பிகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகியிருப்பதே காரணம். ஆம்ஃபெட்டமினுக்கு 90 நிமிடச் சராசரியில் நிமிடத்துக்கு ஆறு சுற்றுக்கு மேல் வந்தால் சேதம் நிறைவு என்று கொள்வார்கள். மருந்தில்லாத சோதனை வேண்டுமென்றால் கண்ணாடி உருளைக்குள் விட்டு, நிமிர்ந்து சுவரைத் தொடும்போது எந்த முன்காலை ஊன்றுகிறது என்று 20 தொடுதல்களாவது எண்ணுங்கள். எண்ணுபவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக்கூடாது. எந்த எலியைக் கணக்கில் சேர்ப்பது, எதை விலக்குவது என்ற வரம்பை முடிவு தெரிவதற்கு முன்பே எழுதி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இந்த ஒரு பழக்கம் மற்ற எல்லாவற்றையும்விட உங்கள் ஆய்வைக் காப்பாற்றும்.

கேள்வி: கிராண்ட் பாசின் கோயிலுக்குப் போனால் குரங்குகளுக்குப் பழம் தருகிறோம்; அதே குரங்குகளைப் பெட்டியில் அடைத்து ஆய்வுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். நம் தீவின் குரங்கில் அப்படி என்ன இருக்கிறது? இது தேவைதானா? (வாசகர், ரோஸ் ஹில்)

பதில்: இவை தென்கிழக்கு ஆசியாவின் நீண்டவால் குரங்குகள். ஏறத்தாழ 400 ஆண்டுகளுக்கு முன் கப்பல்களில் வந்தவை, இந்த மண்ணுக்குரியவை அல்ல. சில குரங்குகளிலிருந்து பெருகியதால் இவற்றின் மரபணு வேறுபாடு குறைவு. நோயெதிர்ப்பைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் சில வகைகளே இருப்பதால், ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிடுவது எளிது. மற்றொன்று, ஆசியக் குரங்குகளில் சாதாரணமாக உள்ள ஹெர்ப்பிஸ் பி என்ற வைரஸ் மொரீஷியஸ் குரங்குகளில் இல்லை. அந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றினால் மூளையழற்சி வந்து உயிர் போகலாம். ஆய்வகப் பணியாளருக்கு இது பெரிய விஷயம். 1980-களில் தொடங்கிய ஏற்றுமதி, 2020-இல் சீனா குரங்கு ஏற்றுமதியை நிறுத்தியபின் இன்னும் சூடுபிடித்தது. 2013-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின் கீழ் 2017-இல் வந்த விதிகள், உரிமம் பெற்று இங்கேயே சோதனை செய்யவும் வழி திறந்தன.

ஏற்றுமதியாகும் குரங்குகளில் மிகப் பெரும்பாலானவை மூளை ஆய்வுக்குப் போவதில்லை. புதிய மருந்துகளின் நச்சுத்தன்மையைப் பார்க்கப் போகின்றன. மூளை ஆய்வுக்குப் போவது சிறு பங்கு.

அந்தச் சிறு பங்குக்கு அறிவியல் காரணம் உண்டு. சுண்டெலி மூளையில் சுமார் 7 கோடி நரம்பணுக்கள், மனித மூளையில் 8,600 கோடி, ரீசஸ் வகைக் குரங்கில் 600 கோடியை ஒட்டி. எண்ணிக்கையைவிட அமைப்பு முக்கியம். சுண்டெலி மூளை மடிப்பில்லாமல் வழவழப்பாக இருக்கும். திட்டமிடுதலுக்கும் மனத்தில் தகவலை நிறுத்திவைப்பதற்கும் நாம் பயன்படுத்தும் நெற்றிப்பகுதியின் ஒரு பாகம் அதில் இல்லவே இல்லை. விரல்களைத் தனித்தனியே இயக்கும் நரம்புப்பாதையும் குரங்கில்தான் நம்மைப் போல் இருக்கிறது. லெவோடோபாவைப் பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு வரும் நெளிவு அசைவு, எம்.பி.டி.பி. கொடுத்த குரங்கில் நோயாளியிடம் காண்பதைப் போலவே வருகிறது. எலியில் வருவது அதன் மங்கலான சாயல்தான்.

தேவையா என்று கேட்டீர்கள். எங்கள் நிலை இது. சுண்டெலியிலோ வளர்ப்பு அணுவிலோ விடை கிடைக்கக்கூடிய கேள்விக்குக் குரங்கைத் தொடுவது தவறு. காட்டில் பிடித்த குரங்கை மூளை ஆய்வுக்குப் பயன்படுத்துவது இரட்டைத் தவறு. அதன் வயதும் பழைய நோய்களும் தெரியாது, பிடிபடும் அச்சமே மூளையின் வேதியியலை மாற்றிவிடும். அதில் வரும் முடிவும் ஐயத்துக்குரியது. தனிக்கூண்டில் அடைத்த குரங்கிலும் இதே சிக்கல்தான். அது கூட்டமாக வாழும் உயிர். தனிமையில் தன் முடியைப் பிடுங்கிக்கொள்ளும், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி நடக்கும். அந்த மூளையை "இயல்பான மூளை" என்று ஒப்பீட்டுக்கு வைக்க முடியாது.

"அவை கரும்பைத் தின்கின்றன, இளஞ்சிவப்புப் புறாவின் முட்டையை எடுக்கின்றன, அதனால் அனுப்பலாம்" என்ற வாதத்தையும் ஓர் அன்பர் எழுதியிருந்தார். புறாவுக்கு ஆபத்து உண்மை. ஆனால் பயிருக்குக் கேடு செய்வதால் ஒரு விலங்கின் வலி குறைந்துவிடாது. இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு அல்சைமர். சுண்டெலிகளின் நினைவு திரும்பியதாக எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. மனிதரிடம் ஏன் பலிப்பதில்லை? (ஆசிரியை, காத்ர் போர்ன்)

பதில்: சுண்டெலி இரண்டு வருடம் வாழும், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் அதில் நம்முடையதைப் போல் படிவதில்லை. அதனால் மனித மரபணுவைச் செலுத்திப் படிய வைக்கிறார்கள். மிகுதியாகப் பயன்படும் 5 எக்ஸ்-ஃபேட் வகையில் ஐந்து மரபுப் பிழைகள் ஒன்றாக ஏற்றப்பட்டிருக்கும். இரண்டாவது மாதத்திலேயே படிவு தொடங்கிவிடும். இப்படி மரபுப் பிழையால் அல்சைமர் வருவோர் மனித நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஐந்து பிழையும் ஒருவரிடமே இருப்பது எங்கும் இல்லை. மேலும், மறதியோடு நெருங்கிச் செல்லும் டௌ புரத முடிச்சுகள் இந்தச் சுண்டெலிகளில் உருவாவதில்லை. ஆக, அமிலாய்டை நீக்கும் மருந்து சுண்டெலியில் அமிலாய்டை நீக்கியது என்பது உண்மை. அம்மாவின் மறதிக்கு அது எவ்வளவு காரணம் என்ற கேள்வியை அந்தச் சோதனை தொடவே இல்லை.

நினைவுச் சோதனையிலும் பிழை நேரும். ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் வெளியிட்ட நீர்த்தொட்டி முறைதான் வழக்கம். ஒன்றேகால் மீட்டர் அளவுள்ள வட்டத்தொட்டி. 21 முதல் 23 டிகிரி நீர், வெள்ளைச் சாயம் கலந்து கலங்கலாக. நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே ஒளிந்திருக்கும் மேடை. சுவரில் ஒட்டிய படங்களை அடையாளமாக வைத்துச் சுண்டெலி மேடையைத் தேடும். நாளுக்கு நான்கு முறை, முறைக்கு 60 விநாடி, ஐந்தாறு நாள். பிறகு மேடையை எடுத்துவிட்டு, அது இருந்த கால்பகுதியில் எவ்வளவு நேரம் நீந்துகிறது என்று பார்ப்பார்கள். சில ஆய்வகச் சுண்டெலி வகைகள் விழித்திரை சிதையும் மரபணுவோடு பிறக்கின்றன; சில வாரங்களில் குருடாகிவிடும். 5 எக்ஸ்-ஃபேட் உருவான கலப்பினத்திலும் அந்த மரபணு இருக்கிறது. கண் தெரியாத சுண்டெலி படத்தைப் பார்க்காது. "நினைவு போய்விட்டது" என்று பதிவாகும். இதைத் தவிர்க்க மரபணுப் பரிசோதனையும், கொடி நட்ட மேடையைக் கண்டு நீந்துகிறதா என்ற சோதனையும் முன்பே செய்ய வேண்டும். நீர் குளிர்ந்தாலும் பிழைதான்: மூன்றாம் நான்காம் முறையில் உடல் குளிர்ந்து மெதுவாக நீந்தும், அது மறதிபோல் தோன்றும். எனவே நேரத்தை மட்டும் தரும் கட்டுரையில் நீந்திய வேகத்தையும் தேடுங்கள்.

சுண்டெலி எச்சரித்த நேரமும் உண்டு. 1999-இல் அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசி சுண்டெலிகளில் படிவைத் தடுத்தது. மனிதச் சோதனையில் சுமார் 300 பேருக்குப் போட்டதில் 18 பேருக்கு மூளையழற்சி வர, 2002-இல் நிறுத்தினார்கள். சுண்டெலியின் எதிர்ப்பு அணுக்கள் அப்படிச் சீறவில்லை. அது மாதிரியின் தோல்வி. ஆனால் அதே 2002-இல், இரத்தக்குழாய்களிலும் அமிலாய்டு படிந்த வயதான சுண்டெலிகளுக்கு அமிலாய்டுக்கு எதிரான எதிர்ப்புரதம் கொடுத்தபோது மூளையில் இரத்தக்கசிவு கண்டது பதிவானது. இன்று அமிலாய்டை நீக்கும் லெகானெமாப் போன்ற எதிர்ப்புரத ஊசி போடுவோருக்கு மூளை ஸ்கேனை மீண்டும் மீண்டும் எடுப்பது அதே கசிவுக்கும் வீக்கத்துக்கும் பயந்துதான். இளம் சுண்டெலியை மட்டும் பார்த்திருந்தால் அது தெரிந்திராது.

கேள்வி: 2006 சிக்குன்குன்யாவில் எங்கள் தீவில் பிறந்த குழந்தைகள் சிலருக்கு மூளை பாதித்தது. அதை எந்த விலங்கில் ஆராய்ந்தார்கள்? (வாசகி, செந்தாந்த்ரே, ரியூனியன்)

பதில்: ரியூனியன் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைத் தொட்ட தொற்று அது. பிரசவ நேரத்தில் தாயின் இரத்தத்தில் வைரஸ் இருந்தால் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றியது, அறுவைப் பிரசவமும் அதைத் தடுக்கவில்லை. நல்ல உடலுள்ள வளர்ந்த சுண்டெலிக்கு இந்த வைரஸ் கடுமையாக வராது. பிறந்து சில நாளே ஆன குட்டியிலும், வைரஸை எதிர்க்க உடல் முதலில் சுரக்கும் இன்டர்ஃபெரானின் ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலியிலும்தான் உடல் முழுவதும் பரவும் என்று 2008-இல் கண்டார்கள். பச்சிளம் குழந்தையின் முதல்நிலை எதிர்ப்பு ஏன் தோற்கிறது என்பதற்கு அது நல்ல தடயம். ஆனால் அந்தச் சுண்டெலிகளில் வைரஸ் மூளையின் உறைகளிலும் திரவம் சுரக்கும் இடங்களிலும் தங்கியது. குழந்தைகளின் ஸ்கேனில் மூளையின் நரம்பிழைகள் நிறைந்த வெண்பொருளே பாதிக்கப்பட்டிருந்தது. அந்த இடைவெளியைச் சுண்டெலி நிரப்பவில்லை. 2010-இல் நீண்டவால் குரங்குகளில், காய்ச்சல் போனபின்னும் வைரஸ், கிருமிகளை விழுங்கும் மாக்ரோஃபேஜ் அணுக்களில் நெடுநாள் தங்குவது தெரிந்தது. பின்னால் வந்த தடுப்பூசியும் இதே குரங்கில் சோதிக்கப்பட்டது. 2025-இல் உங்கள் தீவில் முதியவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள் நேர்ந்து, 65 வயதுக்கு மேற்பட்டோருக்குப் போடுவதை நிறுத்த வேண்டியிருந்தது. ஆரோக்கியமான குரங்கில் நடப்பது எண்பது வயது மனிதரில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாது.

கேள்வி: மகனுக்கு வலிப்பு; லெவெட்டிரசிட்டாம் நன்றாக வேலை செய்கிறது. இதையும் எலியில்தான் கண்டுபிடித்தார்களா? (தாய், திரியோலே)

பதில்: ஆம். ஆனால் வழக்கமான சோதனையில் அது தோற்றது. வலிப்பு மருந்துகளைச் சலிக்க இரண்டு பழைய முறைகள் உண்டு: சுண்டெலியின் கண்மேல் மின்முனை வைத்து 50 மில்லிஆம்பியரை 0.2 விநாடி பாய்ச்சுவது. அல்லது வலிப்பு வரவைக்கும் பென்டிலீன்டெட்ரசோல் ஊசி. இரண்டும் நல்ல மூளையில் ஒரு தடவை வலிப்பை மூட்டுகின்றன. லெவெட்டிரசிட்டாம் இரண்டிலும் பயனற்றதாகத் தெரிந்தது. கிண்ட்லிங் என்ற இன்னொரு மாதிரியில், எலி மூளையின் உள்ளே இருக்கும் அமிக்டலா என்ற பகுதியில் தினமும் சிறிய மின்தூண்டல் தருவார்கள். முதலில் முகத்தசை மட்டும் துடிக்கும். ஓரிரு வாரத்தில் அதே சிறு தூண்டலுக்கு முழு வலிப்பு வரும். அதாவது மூளையே வலிப்புக்குப் பழகிவிடுகிறது; உங்கள் மகனின் நோய் இதற்குத்தான் நெருக்கம். இதில் மருந்து தெளிவாக வேலை செய்தது. 1999-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய இரண்டு முறையோடு நிறுத்தியிருந்தால் குப்பைக்குப் போயிருக்கும் மருந்து இது. மருந்தை ஒருவேளைகூடத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு ஆய்வகத்தில் வந்த முடிவு இன்னொன்றில் வருவதில்லை என்கிறார்கள். ஒரே சுண்டெலி, ஒரே மருந்து என்றால் ஏன்? (கணக்காளர், பொர்ட் லூயி)

பதில்: எண்களோடு பழகியவர் என்பதால் எண்ணிலிருந்தே தொடங்குகிறோம். மருந்தின் விளைவு ஒரு திட்டவிலக்கம் அளவு பெரியது என்று வைத்துக்கொண்டாலும், அதை 80 சதவீத உறுதியோடு பிடிக்கக் குழுவுக்கு 17 விலங்கு வேண்டும். எட்டு சுண்டெலியோடு வரும் கட்டுரைகள் ஏராளம். எட்டில் "வெற்றி" கண்டவர் வெளியிடுகிறார், காணாதவர் அலமாரியில் வைத்துவிடுகிறார்.

தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் சாகும் ஏ.எல்.எஸ். என்ற நோய்க்கு நடந்ததைப் பாருங்கள். அந்த நோயை உண்டாக்கும் எஸ்.ஓ.டி.1 மரபணு ஏற்றிய சுண்டெலியில் ஆயுளை நீட்டியதாகப் பல மருந்துகள் வெளியாயின. அவற்றையும் பிறவற்றையும் சேர்த்து 70-க்கும் மேற்பட்ட மருந்துகளை ஓர் அமெரிக்க நிறுவனம் 18,000 சுண்டெலிகளில் திரும்பச் சோதித்து 2008-இல் வெளியிட்டது. ஒன்றுகூடத் தேறவில்லை. காரணங்களையும் அவர்களே தோண்டினார்கள். பெண் சுண்டெலி ஆணைவிடச் சில நாள் அதிகம் வாழும். குழுக்களில் ஆண் பெண் சமமாக இல்லையென்றால் அந்த நாட்களே மருந்தின் வெற்றியாகத் தெரியும். தலைமுறை போகப்போகச் சில குட்டிகளில் நோய் மரபணுவின் பிரதிகள் குறைந்துவிடும். அவையும் நீண்டு வாழும். ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றுபோல் இருக்கும் என்பதால், ஒவ்வொரு ஈற்றையும் இரண்டு குழுவுக்கும் பிரித்துத் தர வேண்டும். குழுவுக்குக் குறைந்தது 24 என்பது அவர்கள் பரிந்துரை. இதற்குள் மினோசைக்ளின் மனிதச் சோதனைக்குப் போய்விட்டிருந்தது. சுண்டெலியில் நன்மை சொன்ன மருந்து, 2007-இல் வெளியான முடிவின்படி நோயாளிகளின் சரிவை வேகப்படுத்தியது. கவனமில்லாத சுண்டெலிச் சோதனையின் விலையை அந்த நோயாளிகள் கொடுத்தார்கள்.

எண்ணுக்கு வெளியேயும் காரணங்கள் உண்டு. 1999-இல் மூன்று நகர ஆய்வகங்கள் ஒரே வகைச் சுண்டெலிகளை, ஒரே நாளில், ஒரே கருவிகளால் சோதித்தும் சில நடத்தை முடிவுகள் வேறாக வந்தன. ஆண் ஆய்வாளரின் வாடையே சுண்டெலிக்கு அழுத்தம் கூட்டி வலியுணர்வைக் குறைக்கிறது என்று 2014-இல் தெரிந்தது. நாம் சுகமாக உணரும் 22 டிகிரி அதற்குக் குளிர். அதன் உடலுக்கு ஏற்றது 30-ஐ ஒட்டி. கூடு கட்டக் காகிதத் துண்டுகள் கொடுத்த கூண்டும் கொடுக்காத கூண்டும் ஒன்றல்ல. நம் தீவில் சோதனைக்கூடம் அமைப்போர் குளிரூட்டியின் எண்ணை மட்டும் பார்க்காமல், கூண்டுக்குள்ளே வெப்பமானி வைத்துப் பதிவு செய்ய வேண்டும். மின்சாரம் போன நேரங்களையும் குறிக்க வேண்டும்.

கேள்வி: மனித அணுவிலிருந்தே குட்டி மூளை வளர்க்கிறார்களாமே, இனி விலங்கு எதற்கு? (மாணவி, ஃப்ளாக்)

பதில்: 2013-இல் வியன்னாவில் தொடங்கியது. தோல் அணுவைப் பின்னோக்கிக் கருவணு நிலைக்குக் கொண்டுபோய், அதிலிருந்து மூளைத்திசு உருண்டை வளர்ப்பார்கள். சுமார் 4 மி.மீ. வளரும், இரத்தக்குழாய் இல்லாததால் அதற்கு மேல் உணவும் ஆக்சிஜனும் நடுவே எட்டாமல் உள்அணுக்கள் சாகும். அது கருவின் மூளையை ஒத்தது, முதியவரின் மூளையை அல்ல. ஆனால் கருவின் நோய்க்கு அதுவே வலிமை: 2016-இல் ஜிகா வைரஸ் சிசுவின் மூளையை ஏன் சிறுக்க வைக்கிறது என்பதை இந்த உருண்டைகள் நேரடியாகக் காட்டின. நடை, தூக்கம், அச்சம், நினைவு ஆகியவற்றுக்கு உடலோடு சேர்ந்த மூளை வேண்டும். அங்கே உருண்டை உதவாது. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் நீக்கியிருக்கிறது. அதனால் நச்சுச் சோதனைக்குப் போகும் குரங்குகளின் எண்ணிக்கைதான் முதலில் குறையும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. குறைய வேண்டும் என்பது விருப்பமும்கூட. பார்க்கின்சன் போன்ற அசைவு நோய்களுக்கு விலங்கில்லாத வழி இன்னும் கண்ணில் படவில்லை.